சட்டம் தன் கடமையைச் செய்யும்

எந்த விபரீதம் நடந்தாலும், மைக்கைக் கண்டதும் நம் பெரிய மனிதர்கள் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: 'சட்டம் தன் கடமையைச் செய்யும்.' இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, பயனிலை உண்டு. யாருக்குச் செய்யும், எப்போது செய்யும் என்பவை மட்டும் கிடையாது.

சென்ற மாதம் எனக்குச் செய்தது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். அவள் தலையில் மல்லிகைப்பூ இருந்தது, ஹெல்மெட் இல்லை. ஓரங்கட்டினார்கள். ஆயிரம் ரூபாய். தப்பு என்னுடையது, மறுபேச்சில்லாமல் கட்டினேன். எஸ்.ஐ. நல்ல மனிதர். "வெயில்ல ஏம்மா நிக்கிறீங்க, இப்படி நிழலுக்கு வாங்க" என்று என் மனைவியைக் கூப்பிட்டார்.

நிழல் மரத்துடையதல்ல. மரம் இருந்த இடத்தில், நடைபாதைக் கல்லைப் பெயர்த்து சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருந்த பேனருடையது. காதணி விழா. காது குத்திக்கொள்ளப் போகும் குழந்தை ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. மற்ற இடமெல்லாம் தலைவர்கள், அவர்களுக்குக் கீழே கைகூப்பியபடி வட்டச் செயலாளர், அவருக்கும் கீழே 'அண்ணனின் நிழல்கள்' என்று பதினெட்டு முகங்கள்.

"சார், இந்த பேனருக்குப் பர்மிஷன் இருக்கா?" என்று கேட்டேன்.

அங்கே அப்படியொரு பொருள் இருப்பதையே அப்போதுதான் அறிந்தவர்போல் அண்ணாந்து பார்த்தார். "அது கார்ப்பரேஷன் மேட்டர் சார்."

கார்ப்பரேஷனில் கேட்டேன். "போலீஸ் பந்தோபஸ்து குடுத்தா அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவோம் சார்." இரண்டு அலுவலகங்களும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டிருந்த பத்து நாளில் குழந்தைக்குக் காது குத்தி, விருந்து முடிந்து, அதே கம்புகளில் வேறொருவருடைய கண்ணீர் அஞ்சலி ஏறிவிட்டது.

சட்டம் தூங்குகிறது, சட்டத்துக்குக் கண் தெரியவில்லை என்று புலம்புகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அநியாயமான பழி அது. இருநூறடி தூரத்தில் வருகிற பூவைத்த தலையில் ஹெல்மெட் இல்லை என்று கண்டுபிடித்த கண்ணுக்குத் தலைக்கு மேலே இருக்கும் நாற்பதடி பேனர் தெரியாதா? பார்வையில் கோளாறில்லை. எதைப் பார்க்கக் கூடாது என்பதில் நல்ல பயிற்சி இருக்கிறது.

திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே இங்கே சட்டம் போட்டாயிற்று. ஃப்ளெக்ஸ் பிறப்பதற்கு முன்பே அதற்குத் தடை பிறந்த மாநிலம் இது. உயர் நீதிமன்றமும் உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டது. இத்தனைக்கும் பிறகுதான் 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பொறியாளர் மேல் விழுந்தது. நிலைகுலைந்து சாய்ந்த பெண்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது.

சட்டம் தன் கடமையை உடனே செய்தது. லாரி டிரைவர் கைதானார். பேனரை அச்சடித்த அச்சகத்துக்குச் சீல் விழுந்தது. பேனர் வைத்தவர்? அவரை மட்டும் காணவில்லை. தனிப்படைகள் தேடின. முகத்தை ஊரெல்லாம் ஒட்டிவைத்திருந்த குடும்பத்துக்காரரைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நாள் ஆயிற்று.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை உண்டு. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட ராஜா. ராஜாவுக்கு நடைமுறை தெரியவில்லை. திருவாரூரில் இன்று அந்த வழக்கு நடந்தால் முதலில் தேரோட்டி கைது. அடுத்து, சக்கரம் செய்த தச்சுப் பட்டறைக்குச் சீல். இளவரசர் தலைமறைவு. முன் அனுமதி பெறாமல் ஆராய்ச்சி மணியை அடித்துப் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்த பசுவின் மேல் தனி வழக்கு.

பள்ளிக்கரணைச் சாலையில் ரத்தம் காய்ந்து சரியாக 21-ஆம் நாள், அக்டோபர் 3 அன்று, அதே உயர் நீதிமன்றத்தில் அரசு ஒரு மனுவோடு நின்றது: சீன அதிபரும் நம் பிரதமரும் மாமல்லபுரம் வருகிறார்கள், வரவேற்று பேனர் வைக்க வேண்டும். அரசு வைப்பதற்கு அனுமதியே தேவையில்லை என்று பதில் வந்தது. தடையெல்லாம் கட்சிக்காரர்களுக்காம். காற்றுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடமையின் வேகத்துக்கும் ஆள் கணக்கு உண்டு. 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனைப் பிடிக்கத் திருச்சியில் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பாட்டுப் பாடியதற்கு தேசத் துரோக வழக்கு. பறை எங்கே அடிக்கிறது என்று அந்த இருட்டிலும் சட்டத்துக்கு வழி தெரிந்தது.

2018-இல் பெண் பத்திரிகையாளர்களைக் கேவலமாக இழிவுசெய்த பதிவைப் பகிர்ந்தார் எஸ்.வி. சேகர். முன்ஜாமீனை உயர் நீதிமன்றம் மறுத்தது. அதற்குப் பிறகும் கைது இல்லை. மே மாதமும் போனது. கடைசியில் ஜூன் 20 அன்று அவரே எழும்பூர் நீதிமன்றத்துக்கு வந்து ஜாமீன் வாங்கிக்கொண்டு போனார். நடிகர், தமிழ்நாடே அறிந்த முகம். திருச்சிச் சந்தில் நள்ளிரவில் வழி தெரிந்த காவல்துறைக்குச் சென்னையில் பட்டப்பகலில் திசை தெரியவில்லை. 2024-இல் அவருக்கு ஒரு மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தபோது, எதற்காக என்று பலருக்கு மறந்தே போயிருந்தது.

இதுவரை சிரிக்கலாம். இனி முடியாது.

2020 ஜூன் 19. சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டியும் செல்போன் கடை திறந்திருந்தது என்று ஒரு தகப்பனையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊரடங்கில் எத்தனை பெரிய வீட்டு விசேஷங்கள் நடந்தன, எத்தனை கார்கள் ஸ்டிக்கர் ஒட்டி மாவட்டம் கடந்தன என்பதெல்லாம் நமக்குத் தெரியும். சட்டம் தன் கடமையைச் செய்ய வேண்டிய இடம் ஒரு சின்னக் கடையின் ஷட்டர் என்று முடிவானது. ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 காலை தகப்பன் இறந்தார். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே அந்த நிலையத்தில் இழிவாகப் பேசினார்கள். கடைசியில், காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. காவலுக்கே தாசில்தார் காவல்.

ஆட்சி மாறினால் இதெல்லாம் மாறும் என்றார்கள். மாறியது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் காரிலிருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். உங்கள் வீட்டுச் செயின் பறிபோய் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனால் 'எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பார்ப்போம்' என்பார்கள்; ரசீது வாங்கவே ஆள் பிடிக்க வேண்டும். இந்தப் புகாருக்குத் தனிப்படையே வந்தது. கோயில் காவலாளியாக இருந்த இளைஞனைப் பிடித்துவைத்து அடித்தார்கள். செத்துப்போனான். நகை திருடு போனதா என்று நிரூபிக்கச் சாட்சி வேண்டும், ஆவணம் வேண்டும், நீதிமன்றம் வேண்டும். அவனைக் கொல்ல இவற்றில் ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.

சரி, நீதிமன்றம் இருக்கிறதே? இருக்கிறது. 2020 நவம்பரில் அதற்கு இரண்டு கோரிக்கைகள் வந்தன. தொலைக்காட்சி நெறியாளர் அர்ணாப் கோஸ்வாமி நவம்பர் 4-இல் கைதானார். நவம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. நடுவில் தீபாவளி விடுமுறை. தனிமனித சுதந்திரம் ஒரு நாள் பறிபோனாலும் தவறுதான். அந்த வேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அதே மாதம் நவி மும்பைச் சிறையில் எண்பத்து மூன்று வயதுப் பாதிரியார் ஸ்டேன் சுவாமி இருந்தார். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக உழைத்தவர். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது. அந்தக் கோரிக்கையில் அவர் கேட்டது ஜாமீன்கூட இல்லை. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலும் மூடிபோட்ட குவளையும். பதில் சொல்ல இருபது நாள் அவகாசம் வேண்டும் என்றது என்.ஐ.ஏ. உறிஞ்சுகுழல் பற்றிச் சட்டம் படிக்க வேண்டும் அல்லவா? பின்னர் போட்ட ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5 அன்று அவர் இறந்துபோனார். அவரைப் பொறுத்தவரை சட்டம் தன் கடமையை முடித்துக்கொண்டது.

தாமதமானாலும் தீர்ப்பு வரும் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் வாச்சாத்திக்குப் போய்ச் சொல்லட்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் புகுந்து 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். கட்டை கடத்தியதாகச் சொல்லி ஊர்க்காரர்களை உடனுக்குடன் ஜெயிலுக்கு அனுப்பிய சட்டத்துக்கு, தன் ஆட்களைத் தண்டிக்கப் பத்தொன்பது வருடம் பிடித்தது. 2011-இல் தீர்ப்பு வந்தபோது குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மேல்முறையீடு முடிய மேலும் பன்னிரண்டு வருடம்.

போன வாரம் மறுபடி அதே சாலையில் போனேன். மனைவி தலையில் ஹெல்மெட். அதே எஸ்.ஐ., அதே நிழல். பேனர் மட்டும் புதிது, யாருக்கோ பிறந்தநாள். கல்லூரிப் பையன் ஒருவனை நிறுத்திச் சலான் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று காற்று அடித்தது. கயிறு முறுக்கிக்கொண்டு கிரீச்சிட்டது, சவுக்குக் கம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

எஸ்.ஐ. அண்ணாந்து பார்த்தார். மெஷினில் இருந்து கையை எடுக்காமல், இரண்டடி தள்ளி வெயிலில் போய் நின்றுகொண்டார்.

பையன் பேனருக்குக் கீழேயே நின்றான். அவனுக்கு இன்னும் சலான் வரவில்லை.