எந்த நம்பருக்குப் போகிறது ஓ.டி.பி.?

சிறு நிறுவனத்துக்கு கிளவுட் ஆபீஸ் மென்பொருள் அமைப்பது மூன்று கட்ட வேலை: எதை வாங்குவது என்று முடிவு செய்வது, டொமைனை அதோடு இணைப்பது, ஆட்களுக்குக் கணக்கு திறந்து பழைய ஃபைல்களை ஏற்றுவது. எல்லாம் சில நிமிடங்களில் முடியும் என்று விற்பவர்கள் போட்டிருப்பார்கள். எந்த ஊர் நிமிடம் என்று போட்டிருக்க மாட்டார்கள். கோவை கணபதி பக்கம் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் சென்ற வாரம் தொடங்கிய இந்த வேலை, இக்கட்டுரை அச்சுக்குப் போகும்வரை முடியவில்லை. பொறுப்பை ஏற்றிருப்பவர் முதலாளி வீட்டின் 'கம்ப்யூட்டர் தெரிந்த உறவினர்'. இப்படி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு; கூலி டீயும் தேங்காய் பன்னும். கட்டுரையை எழுதுபவரும் அவரே.

தேர்வு சுலபம். கூகுளின் பொருள் 2006-இல் 'கூகுள் ஆப்ஸ் ஃபார் யுவர் டொமைன்' என்று வந்து, 2016-இல் 'ஜி ஸூட்' ஆகி, 2020-இல் 'வொர்க்ஸ்பேஸ்' ஆனது. மைக்ரோசாஃப்டின் 'ஆஃபீஸ் 365' வந்தது 2011-இல். 2020-இல் அது 'மைக்ரோசாஃப்ட் 365'. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. தென்காசிப் பக்கம் அலுவலகம் இருப்பதால் நம்மூர்க்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம். இவற்றின் சேமிப்பு அளவு, விலை, பாதுகாப்பு ஆகியவற்றை அட்டவணை போட்டு ஒப்பிடலாம், உறவினர் போட்டார். முதலாளி அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மைத்துனர் கம்பெனியில் என்ன வைத்திருக்கிறார்களோ அதையே போடச் சொன்னார்.

அடுத்தது டொமைன். மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது எம்.எக்ஸ். ரெக்கார்டு. இந்தப் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்பதைச் சொல்வது எஸ்.பி.எஃப்.; போகிற மெயிலில் கையெழுத்துப் போடுவது டி.கிம். இவ்விரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கறாராக இருக்கிறது. இல்லாவிட்டால் கொட்டேஷன் ஸ்பேமுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். இதையெல்லாம் சேர்க்க, டொமைன் வாங்கிய இடத்தில் லாகின் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு இருந்தது, தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம், ஸ்கெட்ச் பேனாவில், அடியில் இரண்டு கோடு போட்டு. லாகின் ஆயிற்று. ஓ.டி.பி. கேட்டது.

ஓ.டி.பி. எந்த நம்பருக்குப் போகிறது என்பதை வைத்துச் சிறு நிறுவனங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் அது முதலாளிக்குப் போகும். அவர் லேத் பக்கம் நிற்பார். சத்தத்தில் போன் அடிப்பது கேட்காது. கேட்டாலும் கண்ணாடி ஆபீஸ் மேஜையில் இருக்கும். இரண்டாம் வகையில் ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்குப் போகும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த அவசரத்தில் கொடுத்த நம்பர் அது. பிறகு எல்லாப் படிவத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் அவர் போனை எடுக்க மாட்டார். மூன்றாம் வகையில், வேலையை விட்டு மஸ்கட் போன பழைய அக்கவுன்டன்ட்டுக்குப் போகும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அவர் எழுந்து, நலம் விசாரித்து, இங்கே இருந்தபோது தராத போனஸை ஞாபகப்படுத்தி முடிப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். புதிதாக ஒன்று அனுப்பினால் அவர் பழையதைப் படித்துச் சொல்வார்.

பட்டறை நான்காம் வகை. யார் நம்பர் என்றே தெரியாது. திரையில் எட்டுப் புள்ளி; கடைசியில் 47. முதலாளியுடையது 12. அவர் மனைவியுடையது 90. மாமனாருடையது 74 என்றதும் ஆபீஸில் ஒரு பரபரப்பு எழுந்து அடங்கியது. கேஷியர் அம்மா கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, பின்பக்கம் அச்சடித்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். லோடுமேன் ஒருவர் தன்னுடையது 47 என்று வந்து நின்றார். பார்த்தால் அது நடுவில் இருந்தது. எல்லாரும் எல்லார் நம்பரையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். சாயங்காலம் வாட்ச்மேன்தான் சொன்னார், முன்பு டெலிவரி வண்டியில் ஒரு பட்டன் போன் இருந்ததென்று. அதன் நம்பர், டீசல் பில் புத்தகத்தின் அட்டையில், 47-இல் முடிந்தது.

ரீசார்ஜ் செய்யாமல் பல மாதம் கிடக்கும் ப்ரீபெய்டு நம்பர் ரத்தாகி, பின்னால் வேறு யாருக்காவது போய்விடும். எனவே அந்த நம்பரை எடுத்தவர் முன்பின் தெரியாதவர்.

"ஏனுங்க, உங்க போனுக்கு இப்ப ஒரு ஓ.டி.பி. வந்திருக்குங்களா?"

"வந்துதுங்க."

"அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"1930-க்கு போன் போடட்டுங்களா?"

1930 சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். அரசும் வங்கிகளும் செய்த விழிப்புணர்வுப் பிரசாரம் கணபதிவரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதில் குடிமகனாக உறவினர் பெருமைப்பட வேண்டும். அன்று படவில்லை. பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழ், லெட்டர்ஹெட்டில் முதலாளி கையெழுத்து எல்லாம் அனுப்பி, நம்பரை மாற்றித் தரக் கேட்டிருக்கிறது. கையெழுத்து பொருந்தவில்லை என்று பதில் வந்திருக்கிறது.

மூன்றாம் கட்டத்தைக் காத்திருக்கும் நேரத்திலேயே தொடங்கிவிடலாம். பழைய கொட்டேஷன்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்; எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். 'வணக்கம்' என்பது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்று நிற்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. டைப்பிஸ்ட் அக்கா இன்னும் ஏற்கவில்லை. மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை 'வணக்கம்' என்பதை மீட்டுத் தரும். கூடவே அந்தக் கடிதத்தில் உள்ள ஆங்கிலப் பார்ட் நம்பர்களையும் தமிழாக்கிவிடும்.

கடைசியில் பயிற்சி. ஒரே ஷீட்டை எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்து திருத்தலாம் என்பதே இந்த மென்பொருளின் உண்மையான பலன். ஸ்டாக் ஷீட் ஒன்றைச் சோதனைக்காக உறவினரின் சொந்த ஜிமெயிலில் திறந்து, லிங்க் அனுப்பியாயிற்று. குடோன் சூப்பர்வைசர் அதைத் திறந்து, இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மற்றவர்கள் படத்துக்குக் கீழே கட்டைவிரல் காட்டினார்கள்.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சந்தாவுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவார்கள். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் இன்வாய்ஸில் ஏறியிருந்தால் மட்டுமே அதை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியும். கணக்கு திறக்கும் அன்றே அந்த எண்ணைப் பதிந்துவிடுங்கள். மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்கும்போது பதிந்தால், போன மாதங்களுக்கான வரி போனதுதான்.