பச்சையில் இரண்டு கலை

ஜெர்மனியின் பசுமைக் கட்சி பிறந்ததே அணு எதிர்ப்புப் போராட்டத்தில்தான். 2023 ஏப்ரல் 15 அன்று அந்நாட்டின் கடைசி மூன்று அணு உலைகளையும் மூடியாயிற்று, ஜென்ம சாபல்யம். பின்லாந்துப் பசுமைக் கட்சியோ 2022-லேயே அணு மின்சாரத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டுவிட்டது. போதாக்குறைக்கு பருவநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க் வேறு, நிலக்கரியை நம்பி, ஓடுகிற அணு உலையை மூடுவது தவறு என்று ஜெர்மன் தொலைக்காட்சியிலேயே சொல்லி வைத்தார். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று காஞ்சிபுரத்தார் கோர்ட்டுக்குப் போன கதைதான். அங்கே சண்டை நாமத்தைப் பற்றித்தான். இங்கே, கார்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை அகலப்படுத்த, வழியில் சுழன்றுகொண்டிருந்த காற்றாலைகளையே கழற்றி எடுத்துவிட்டார்கள். அதையும் ஜெர்மனியில்தான் செய்தார்கள்.