நிலம் வாங்க வரும் அண்ணாச்சிகளுக்கு

கடம்பூர் போளியைத் தின்றுகொண்டே கரிசல் புஞ்சைக்கு அட்வான்ஸ் கொடுப்பவர்களே, பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம் எல்லாம் பார்த்துவிட்டீர்கள், சரி. வண்டிப்பாதை பார்த்தீர்களா? அது வரைபடத்தில் இருக்காது. பக்கத்துப் புஞ்சைக்காரர் மனசுக்குள் ஓடும்.

புரோக்கர் சித்திரையில்தான் நிலம் காட்டுவார். தரை கல்லு மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில் நீங்களே போய்ப் பாருங்கள்: கால் வரும், செருப்பு வராது. வீடு கட்டினால் கரிசலைத் தாண்டி, கெட்டித்தரை வரை அஸ்திவாரம் இறக்குங்கள். மழைக்கு மண் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இரண்டுக்கும் சுவரே சாட்சி சொல்லும்.

மானாவாரியாக உளுந்து, பாசி, மக்காச்சோளம் போடலாம். விதைப்பது நீங்கள், அறுவடை காட்டுப்பன்றி. ஒன்றுமே போடாவிட்டாலும் கவலை வேண்டாம். சீமைக்கருவேலம் தானாக வந்து அனுபவ பாத்தியம் கொண்டாடிவிடும்.