அம்பிக்கு வெளியே என்ன வேலை?

மயிலாப்பூரில் பூனையைத் தெருவில் விட்டால் முதல் வேலையாக அது யாருக்காவது குறுக்கே போகும். மாடவீதிகளில் எந்த நேரமும் யாராவது ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: பெண் பார்க்க, பத்திரம் பதிய, ஜெமினிப் பக்கம் அமெரிக்க விசா நேர்காணலுக்கு. இதில் மூன்றாவது வகைதான் ஆபத்து. பையனுக்கு விசா கிடைக்காவிட்டால் அவன் சொன்ன பதிலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் வளர்க்கும் பூனையைத்தான் சொல்வார்கள்.

மூன்றாம் மாடிக்காரர் நான்தான். பூனையின் பெயர் அம்பி. ஒரு மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து என் பெண் எடுத்து வந்தாள். 'மழை விட்டதும் அனுப்பிடலாம்' என்றாள். எங்கள் வீட்டில் மழை இன்னும் விடவில்லை. தடுப்பூசி ஆயிற்று, குடும்பக் கட்டுப்பாடும் ஆயிற்று. அப்படியும் விடியற்காலை நாலரைக்கு வாசற்கதவருகே உட்கார்ந்து மேல் ஸ்தாயியில் ஆரம்பிக்கிறான். மார்கழி என்றால் சகித்துக்கொள்ளலாம். வருஷம் பூராவுமா மார்கழி?

"கதவத் திறந்து விடேண்டா. அவன் என்ன ஜெயில்லயா இருக்கான்? தானாப் போவான், தானா வருவான்" என்றாள் அம்மா. அவள் பிறந்து வளர்ந்த திருவல்லிக்கேணி வீட்டில் முற்றம் வழியாகவும் ஓட்டுக்கூரை வழியாகவும் பூனைகள் வந்துபோயின. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

"அப்போ டெலிவரி பைக் கிடையாதும்மா. தெரு நாயெல்லாம் வேற இருக்கு. நம்ம தூக்கிண்டு வந்தோம், நம்மதான் பாத்துக்கணும்" என்றாள் என் மனைவி.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா வடகலை, மனைவி தென்கலை. கடவுள் நம்மைக் காப்பாற்றுவதற்கு நம் பங்கு ஏதாவது வேண்டுமா என்று இரண்டு கலையாரும் சுமார் 700 வருஷமாக வாதாடுகிறார்கள். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் சொல்வது மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை லோகாசாரியார் வழிவந்த தென்கலையார் சொல்வது மார்ஜார நியாயம். பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாய்ப்பூனை வாயில் கவ்வி எடுத்துப்போகும். கேசவப் பெருமாள் கோயிலும் தேசிகர் சன்னதியும் அடுத்தடுத்து இருக்கிற ஊரில் இதெல்லாம் குழந்தைகளுக்கும் தெரியும். எங்கள் கல்யாணத்தின்போது நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்பதோடு இந்த வாதம் ஓய்ந்துவிட்டதாக இரண்டு வீட்டாரும் நினைத்திருந்தார்கள். மார்ஜாரமே நேரில் வந்து இறங்கும் என்று யார் கண்டது?

மேல்முறையீடு வெளிநாட்டுக்குப் போனது. லண்டனில் இருக்கும் என் மச்சினன், அங்கே வாசற்கதவிலேயே பூனைக்கென்று குட்டிக் கதவு பொருத்துவார்கள், பூனையைப் பூட்டி வைப்பதுதான் பாவம் என்று எழுதினான். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை, பூனையை வெளியே விடவே கூடாது என்று அங்கே கால்நடை டாக்டர்களே சொல்வதாக எழுதினாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாடுகளும் இரவு முழுக்க மோதின. காலையில் எழுந்து பார்த்தால், இருவரும் 2009இல் நடந்த ஒரு சீமந்தத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் பெண் ஆதாரம் இல்லாமல் பேச மாட்டாள். ஜெர்மனியில் வால்டார்ஃப் என்று ஒரு ஊர். நம் மாம்பலத்துப் பையன்கள் படிக்கிற எஸ்.ஏ.பி. மென்பொருளின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. கொண்டை வானம்பாடி என்ற பறவை அங்கே அருகிவிட்டது. அது தரையில் கூடு கட்டும் பறவை. அதனால் 2022ஆம் ஆண்டு, ஊரின் ஒரு பகுதியில் ஆகஸ்டு முடியும்வரை பூனைகள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். வந்தால் 500 யூரோ அபராதம். வானம்பாடியைப் பிடித்தால் 50,000 யூரோ வரை போகலாம். அம்மா அதை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இங்க ஏது வானம்பாடி? எல்லாம் புறாதான். தாராளமாப் பிடிக்கட்டும்" என்றாள்.

புறாவுக்காக எங்கள் பால்கனியில் வலை கட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அங்கே துணி உலர்த்த முடியாது. இப்போது வலைக்கு இந்தப் பக்கம் அம்பி, அந்தப் பக்கம் புறாக்கள். அவை அவனைப் பார்க்கவே கூட்டமாக வருகின்றன.

"வலையையாவது அவுத்துடலாமே" என்றதற்கும் பெண்ணிடம் பதில் இருந்தது. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளை ஆராய்ந்து 1987இல் ஒரு கட்டுரை வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய ஏழாம் மாடிவரை உயரம் கூடக் கூடக் காயமும் கூடுகிறது. அதற்கு மேல் குறைகிறது. உயரத்திலிருந்து விழும் பூனைக்குப் பதற்றம் தணிந்து, உடம்பைத் தளர்த்தி விரித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறதாம். (செத்துப்போன பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப் போகிறார்கள் என்று பிறகு வேறு சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.) ஆனால் மயிலாப்பூரில் ஸ்டில்ட் பிளஸ் ஃபோருக்கு மேல் கட்டினவர்கள் குறைவு. சரியாக அடிபடுகிற உயரத்தில்தான் ஊரே குடியிருக்கிறது.

தெருவிலோ மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டியதிலிருந்து எங்கள் பக்கம் பெருச்சாளி நடமாட்டம் அதிகம். ஒரு கிலோ வரை வளர்கிற ஜாதி அது. ஒருநாள் சாக்கடை மூடியருகே ஒன்றைப் பார்த்தேன். எனக்கு வழிவிட வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. நான்தான் ஒதுங்கினேன். அம்பி இதுவரை வேட்டையாடியது என் ஷூ லேஸை மட்டும்.

சமரசத்துக்கு மார்பில் மாட்டுகிற பெல்ட் ஒன்று வாங்கினேன். நாகேஸ்வரராவ் பூங்கா வரை பிடித்துக்கொண்டு போகலாம் என்று யோசனை. மாட்டியதும் அம்பி பக்கவாட்டில் சாய்ந்து படுத்தான். இழுத்தால் படுத்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தான். மறியல் செய்பவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்துவது ஏன் கஷ்டம் என்று அன்று புரிந்தது.

கடைசியில் அம்மா வடாம் உலர்த்த மொட்டைமாடிக்குப் போகும்போது அவனையும் அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. மாடிக் கதவைச் சாத்திவிடலாம், கைப்பிடிச் சுவரும் உயரம், அம்மாவுக்குக் காக்கா ஓட்ட ஆள் கிடைத்த மாதிரியும் ஆயிற்று. முதல் நாள் வடாத்தட்டைப் பார்த்து பித்ருக்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முன்னால் நின்று பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் பின்னால் போய் அம்பியின் வாலைப் பிடித்து இழுத்தார். அம்பி ஒரே தாவில் அம்மாவின் தோளுக்கு ஏறி, 18 நகங்களாலும் புடவையோடு சேர்த்து அவளைப் பிடித்துக்கொண்டான்.

அதே கோலத்தில் அம்மா கீழே இறங்கி வந்தாள். கையெல்லாம் ரத்தக் கீறல், முகமெல்லாம் வெற்றி.

"பாத்தியோ! நான் தொடவே இல்லை. தானாப் பிடிச்சுண்டான். இவன் குரங்குக்குட்டிதான். வடகலை!"

என் மனைவி அம்பியைக் கழற்றிக் கீழே விட்டு, அம்மாவின் கையைக் குழாயடியில் நீட்டச் சொன்னாள். கீறலைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்வது. ஆகவே பேசுவதற்கு நேரம் நிறைய இருந்தது.

"அதெல்லாம் சரிம்மா. மாடிப்படி முழுக்க அவனைத் தூக்கிண்டு வந்தது யாரு?"

அம்மா கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தாள். பிறகு, "எரியறதுடி, மெதுவாத் தேயேன்" என்றாள்.