வாய் மட்டும் அசையுது மாப்பிள்ளை

சிங்கப்பூரின் சிவப்பு விளக்குப் பகுதியான கேலாங்கில் குடியிருப்பவனுக்கு ஒரு தேர்ச்சி தானாக வந்துவிடும். முகவரியைச் சொன்னதும் எதிராளியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டு, "லோரோங் (சந்து) நம்பர் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?" என்ற அடுத்த கேள்விக்கும் முகம் மாறாமல் பதில் சொல்லவேண்டும். (இதே ஆட்கள் துரியான் சீசனில் மட்டும் சிரிக்காமல் வந்து சேர்வார்கள்.) "வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ்தான் ஓடுகிறது" என்று சொல்லும்போதும் இந்தத் தேர்ச்சிதான் கைகொடுக்கிறது. என்ன, அங்கே சிரிப்புக்குப் பதில் அனுதாபம்.

நான் லினக்ஸுக்கு வந்தது கொள்கையால் அல்ல, சிக்கனத்தால். என்றோ சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய மேசைக் கணினி அது. 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு விண்டோஸ் 7க்கு ஆதரவு நின்றது. அடுத்ததைச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. உபுண்டுவைப் போட்டேன்; எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்யூட் பிரேக்கர் என்ற கொரோனா ஊரடங்கு வந்தது. மறுநாளே பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து கற்றல். மடிக்கணினி மகள் வசம் போனது. அலுவலகக் கூட்டம், காரைக்குடி மாமியார் ஞாயிறுதோறும் கூட்டும் விசாரணைக் கமிஷன், இரண்டுக்கும் எனக்கு அந்தக் கிழம்தான் கதி.

கூட்டத்துக்கான மென்பொருளை இறக்கப் போனால், விண்டோஸ்காரருக்கு ஒரே பொத்தான். நமக்கோ எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்று குலம் கோத்திரம் எல்லாம் சொல்லியாக வேண்டியிருந்தது. சொல்லி வாங்கிய டெப் கோப்பை டெர்மினலில் டிபிகேஜி கட்டளை கொடுத்து ஏற்றினால், பாதி உள்ளே வந்து கோபித்த சம்பந்தி மாதிரி நின்றுகொண்டது. லிப்-எக்ஸ்சிபி என்று தொடங்கும் யாரோ ஒருவரை அழைக்கவில்லையாம். அவர் வராமல் இது நகராது. நல்லவேளை, இந்த மாதிரி விடுபட்டவர்களைத் தேடிப்பிடித்து வண்டியேற்றி வரவே ஆப்ட் என்று ஒரு புண்ணியவான் இருக்கிறார். அவரை ஏவக் கடவுச்சொல் கேட்கும். அடித்தபோது திரையில் ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை. நீளம்கூட யாருக்கும் தெரியக்கூடாதென்ற ஜாக்கிரதை.

பின்னால் நின்ற மனைவி கேட்டாள்: "கீபோர்டு போயிடுச்சாங்க?"

"இல்லை, இது பாதுகாப்பு."

"என் போன்ல ஒரு தட்டுத்தான் தட்டினேன், வந்துருச்சு."

ஒருவழியாக எனக்கும் வந்தது. காரைக்குடியும் திரையில் தெரிந்தது. சத்தம்தான் இல்லை. மேசைக் கணினியை ஹெச்டிஎம்ஐ கம்பியால் மானிட்டரோடு இணைத்தால், அந்தக் கம்பி வழியே ஒலியும் போகும் என்பது லினக்ஸுக்கு நன்றாகவே தெரியும். எனவே மாமியாரின் குரல் முழுவதையும் ஒரு சொல் விடாமல் மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. பல வருடத் தாம்பத்தியத்தில் இப்படியொரு ஏற்பாடு எனக்குத் தோன்றியதில்லை. அதை உடனே சரிசெய்ய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் என் குரலும் அங்கே போகவில்லை. "வாய் மட்டும் அசையுது மாப்பிள்ளை" என்று மனைவியின் போனில் தகவல் வந்தது. டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் என்று அடித்தேன். கறுப்புத் திரையில் வரிசையாகக் கம்பங்கள். மைக் கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்ற இரண்டெழுத்து. மியூட் என்று அர்த்தம். அம்பு விசையால் அதனருகே போய் 'எம்' விசையைத் தட்ட, எழுத்து மாறியது. நான் வெற்றிக் களிப்பில் போட்ட கூச்சல்தான் காரைக்குடியில் கேட்ட என் முதல் வார்த்தை.

அப்புறம்தான் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டத்துக்குப் போனேன். லினக்ஸிலேயே ஊறியவர்கள், எந்த மாதிரி சாகசமெல்லாம் செய்து கூடுகிறார்களோ என்று ஆவல். அவர்கள் ஜிட்சியில் கூடுகிறார்கள். 2003இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்த எமில் இவோவ் தொடங்கிவைத்த திறமூல மென்பொருள். பிரவுசரில் சுட்டியைச் சொடுக்கினால் போதும், கூட்டத்துக்குள் இருக்கிறோம். நிறுவ ஒன்றுமே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அப்ப அந்தப் பழைய சாஃப்ட்வேரை எடுத்துடலாமே?" என்றாள் மனைவி.

எடுக்கலாம். ஆனால் அதற்காக வந்து தங்கியவர்களையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆட்டோரிமூவ் என்று தனிக் கட்டளையே இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உட்காரலாம் என்றிருக்கிறேன்.