பெட்டி நிறைய மீன்

கோடைக்காலச் சனிக்கிழமை விடிகாலையில் பொட்டோமேக் ஆற்றங்கரைக்குப் போனால், கார் நிறுத்துமிடத்திலேயே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்றவர்கள் வந்து, காரைப் பூட்டி, ஆற்றில் இறங்கி, ஆளுக்கு இரண்டு மீன் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டிருப்பார்கள். அவர் மட்டும் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே ஏழு தூண்டில் கழிகள். எதை எடுப்பதென்று வியாழக்கிழமை இரவே முடிவு செய்ததுதான். ஆனால் வெள்ளிக்கிழமை மழை பெய்துவிட்டதே!

வயது நாற்பதிலிருந்து அறுபதுக்குள் எதுவாகவும் இருக்கலாம். வாஷிங்டன் பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில் பொறுப்பான பதவி. தொப்பியில் ஒரு கம்பெனி பெயர், சட்டையில் இன்னொன்று. அவருக்கு அந்தக் கம்பெனிகள் சம்பளம் தருவதில்லை. அவர்தான் அவற்றுக்குத் தருகிறார்.

அவர் தேடி வருவது ஸ்மால்மவுத் பாஸ். வெண்கல நிறம், உடம்பில் செங்குத்தாகக் கரும்பட்டைகள், பாறையும் ஓட்டமும் உள்ள தண்ணீரில் வாசம். கிரேஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கி இறால் கிடைத்தால் வேறு எதையும் அது ஏறிட்டுப் பார்க்காது. பொட்டோமேக்குக்கு அது சொந்தக்கார மீனும் அல்ல. 1850களில் ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் ஓஹையோ ஆற்றுப் பகுதியிலிருந்து பொட்டோமேக் கரையிலுள்ள கம்பர்லாந்து ஊருக்குக் கொண்டுவந்து அங்கிருந்த கால்வாயில் விட்டார்கள். அங்கிருந்து ஆறு முழுக்கப் பரவிவிட்டது. மீன் இந்த ஆற்றுக்கு வந்தது ஒரே ஒரு தொட்டியோடு. அதைப் பிடிக்க வருகிறவருக்கு டிக்கி போதவில்லை.

ஏழு கழி எதற்கு என்று கேட்டால் கோபப்பட மாட்டார். மகிழ்ச்சியாகச் சொல்வார். கிராங்க்பெய்ட் என்கிற பொய் இரையை இழுக்க ஃபைபர் கிளாஸ் கழி. அது நிதானமாக வளையும், அதனால் மும்முனைத் தூண்டில் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வராது. நெட் ரிக் என்கிற காளான்தலைச் சின்ன ஈயத்துக்கு மெல்லிய கழி. இல்லாவிட்டால் அந்த எடை கையில் தெரியாது. ஸ்பின்னர்பெய்ட் என்கிற சுழல்தகட்டு இரைக்கு முரட்டுக் கழி. தண்ணீர் மேல் மிதக்கும் பாப்பருக்கு ஆறடிக் குட்டைக் கழி. ராகத்துக்கொரு வீணை வைத்திருக்கும் வித்வான் மாதிரிதான். ஒவ்வொரு காரணமும் சரியான காரணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து மீன் பிடிக்கிற மனிதரால் ஒரு கழியைத்தான் கையில் பிடிக்க முடியும். மீதி ஆறு கழியும் காரிலேயே இருக்கும். அவர் ஆற்றில் நிற்பார், மனம் காரில் இருக்கும்.

நூல் விஷயத்துக்கு வருவோம். கழி ஏழு என்றால், நூலில் மூன்று கட்சிகள், அவர் மூன்றிலும் உறுப்பினர். நம்மூரில் தங்கூசி என்போமே, அந்த நைலான் முதல் கட்சி. மலிவு, மெதுவாகவே மூழ்கும், நன்றாக இழுபடும். இழுபடுவதால் மீன் கடித்தது கைக்கு வந்து சேரத் தாமதமாகும். ஃபுளோரோகார்பன் இரண்டாவது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே தண்ணீருக்குள் மீன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது வாதம். ஆனால் வேகமாக மூழ்கும், பாப்பரில் கட்டினால் அதன் மூக்கைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். மூன்றாவது பின்னல் நூல். மெல்லிசு, பலம், இழுபடவே இழுபடாது. ஆனால் தெளிந்த தண்ணீரில் பளிச்சென்று தெரியும், பாறையில் உரசினால் பிசிறும்.

சாதாரண மனிதர் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அவர் கூட்டணி அமைப்பார். ரீலில் பின்னல் நூல், முனையில் சில அடி ஃபுளோரோகார்பன், இரண்டையும் சேர்க்க எஃப்ஜி என்றொரு முடிச்சு. மாறி மாறி இருபது சுற்று சுற்றிப் போடும் அழகான முடிச்சு அது, வழிகாட்டி வளையங்களில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டு மேசையில் கண் மூடிக்கொண்டே போடுவார். ஆற்று நடுவில், காற்றில், ஒரு நுனி பல்லிடுக்கிலும் மறுநுனி விரலிலுமாக, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியோடு அவர் அதைப் போடும்போது முதுகுக்குப் பின்னால் மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் சுற்று எண்ணிக்கை தவறிவிடும்.

பொய் இரைகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். அதில் பாதி நிறங்களைப் பற்றியதாக இருக்கும். ஒரே ரப்பர் புழு, பதினான்கு நிறங்கள். கலங்கிய தண்ணீருக்கு எலுமிச்சை மஞ்சளும் பச்சையும் கலந்த சார்ட்ரூஸ், மேகம் போட்ட நாளுக்கு வெள்ளை, சாயங்காலத்துக்குக் கறுப்பு, சாயங்காலம் முற்றியதற்குக் கருநீலம். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பாஸ் மீன்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகவே இனம் காண்கின்றன. சார்ட்ரூஸுக்கும் வெள்ளைக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் காணத் திணறுகின்றன. இதை அவரிடம் சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அது லார்ஜ்மவுத்” என்பார். வாஸ்தவம், ஆய்வு செய்தது பெரியவாய்ப் பாஸைத்தான். அந்த வார இறுதியில் இன்னும் இரண்டு பொட்டலம் சார்ட்ரூஸ் வாங்குவார்.

விலை உயர்ந்த இரைக்கு ஒரு விசேஷம் உண்டு. 25 டாலர் ஜப்பான் ஜெர்க்பெய்ட்டை அவர் பாறைக்குப் பக்கத்தில் வீசவே மாட்டார். சிக்கி அறுந்துபோனால் என்ன ஆவது? மீனோ பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எனவே இரையின் விலை ஏற ஏற அது மீனிலிருந்து தள்ளித் தள்ளி விழும். 25 டாலர் இரை நட்டாற்றில், மணல் தரையில், எவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நீந்திவிட்டுப் பத்திரமாகப் பெட்டிக்குத் திரும்பும்.

இதையெல்லாம் பார்க்கும்போது ஜார்ஜ் பெர்ரி ஞாபகம் வருகிறார். 1932 ஜூன் 2, ஜார்ஜியா மாநிலம். பொருளாதாரம் நொடித்திருந்த காலம். அவரும் நண்பரும் போன படகில் கழி ஒன்று, பொய் இரையும் ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். கிரீக் சப் கம்பெனியின் மர இரை. அதில் மாட்டிய பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் பத்து கிலோ! எடை போட்டார், வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பமாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த உலக சாதனையைத் தொட 77 ஆண்டு ஆயிற்று. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். இரண்டு அவுன்ஸாவது கூடியிருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே சமன். குரிதா மாட்டிய இரை உயிருள்ள புளூகில் மீன். பதினான்கு நிறத்தில் ஒன்றுகூட இல்லை.

இதற்கும் அவரிடம் பதில் உண்டு. “அது லார்ஜ்மவுத். அதுவும் ஏரி. ஆற்று மீன் வேறு.” பெர்ரி மீன் பிடித்த மாண்ட்கோமரி ஏரி, ஒக்மல்கீ ஆறு பாதை மாறியபோது விட்டுப்போன பழைய வளைவுதான் என்று எடுத்துச் சொல்லலாம். சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இரையின் நகல் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

ஒன்று மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்: அவர் கருமி அல்ல. நீங்கள் பொட்டோமேக் பக்கம் குடியேறி, புதிதாக இந்த ஆசை பிடித்தவர் என்றால், ஜூலை மாத ஆற்றுக்கு ஆறரை அடியில் மெல்லிய ஸ்பின்னிங் கழி ஒன்று, 8 பவுண்டு நூல், டியூப் என்கிற குழல் வடிவ ரப்பர் இரை ஒன்று, ஒரு நெட் ரிக், விடியற்காலைக்கு ஒரு பாப்பர் போதும். எதையும் கடையில் வாங்காதீர்கள். அவர் வீட்டு கராஜுக்குப் போங்கள். எது நல்லது என்று கேட்டுவிடாதீர்கள், திங்கட்கிழமை வரை விடமாட்டார். உபரியாக ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவர் கொடுப்பதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வாசல் வரை வந்து அவர் மனைவி நன்றி சொல்வார்.