ரேடியோவை அணைக்கச் சொல்பவர்

கார் கிளம்பி நாலு தெரு தாண்டியிருக்காது. முன் சீட்டில் இருப்பவர் கையை உயர்த்துவார்.

"மாப்ளே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்துவோம்.

"ஏசியையும்."

சித்திரை வெயிலில் கண்ணாடி இறங்கும். காதை ஜன்னல் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பின் சீட்டில் இருக்கும் பெண்கள் மூச்சுவிடக் கூடாது. "கேக்குதா?" என்பார். "கேக்குது" என்று சொல்லிவிட்டால் பயணம் தொடரும். "கேக்கலையே" என்று உண்மையைச் சொன்னால் வண்டி ஓரங்கட்டப்படும்.

இவர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார், மாமாவாகவோ சகலையாகவோ. எனக்கு வாய்த்தவர் மனைவியின் சித்தப்பா. சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரிப்பதுபோல இவர் காதை வைத்தே பிரேக், பேரிங், ஆக்சில் என்று பிரித்துவிடுவார். மருந்து மட்டும் தரமாட்டார். ஒரு போல்ட்டைக்கூட அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி அழுக்காகிவிடும்.

பால பாடம் அம்பாசிடரில். கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் அடியில் 'டங்' என்றால் புரொப்பெல்லர் ஷாப்டில் கிராஸ் போச்சு. ஓடும்போது பின்னாலிருந்து 'கொய்ங்' என்று ஊளையிட்டால் கிரவுன் பினியன். 2014-இல் உத்தரப்பாரா ஆலையில் அம்பாசிடர் நின்றுபோன சேதி வந்தபோது, படித்த பள்ளிக்கூடத்தையே இடித்துவிட்ட மாதிரி இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

மெக்கானிக்கிடம் போய் "ஏதோ சத்தம் வருது" என்பவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை. கீச்சா, கரகரவா, டக்டக்கா? எப்போது வருகிறது, மிதிக்கும்போதா, திரும்பும்போதா? தமிழில் இரட்டைக்கிளவி என்று ஒன்றை வைத்திருப்பதே பட்டறையில் சொல்லத்தான் என்பது அவர் கட்சி.

இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. பிரேக் பேடு தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே பல வண்டிகளில் பேடோடு ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் 'கீச்'சைச் சட்டை செய்யாமல் ஓட்டினால் அடுத்து வருவது 'கர்ர்ர்'. பேடு தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது; பேடோடு போயிருக்க வேண்டிய செலவு டிஸ்க்கையும் இழுத்துவரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக்டக்' என்றால் பெரும்பாலும் சிவி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே போய், மண் உள்ளே போயிருக்கும். கிளட்சை மிதித்தால் மட்டும் வருகிற சத்தம் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் இருந்து, மிதித்தால் நின்றுபோனால் கியர்பாக்சுக்குள் கை வைக்க வேண்டும்.

சித்தப்பா சொன்னதில் பாதி பலித்திருக்கிறது. அதுதான் தொல்லை. எல்லாமே தப்பாகியிருந்தால் எப்போதோ பஸ் ஏற்றிவிட்டிருப்போம்.

போன வருஷம் மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். திருமங்கலம் தாண்டுவதற்குள் "இடது முன்சக்கரம்" என்றார். டி.கல்லுப்பட்டிக்கு முன்னால் நியூட்ரலில் உருளவிடச் சொன்னார். எஞ்சின் அடங்கியும் சத்தம் தொடர்ந்தால் கோளாறு சக்கரத்துப் பக்கம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். பின்னால் வந்த தென்காசி பஸ்காரருக்கு அது தெரியாமல், ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனார். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொட்டலில் இறக்கி, ஸ்டியரிங்கை ஒடித்து வட்டம் போடச் சொன்னார். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கிட்டே வந்து, "வேண்டுதலா?" என்று கேட்டார்.

பட்டுப்புடவையில் வெந்துகொண்டிருந்த என் மனைவி, "சித்தப்பா, தாலியையும் இங்கேயே கட்டச் சொல்லிடுங்க. வலம் வந்தாச்சுல்ல" என்றாள்.

பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் பட்டறை வாசலில் வண்டி பரம சாது. டாக்டரைப் பார்த்ததும் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரி, மெக்கானிக்கைப் பார்த்தால் சத்தம் ஒளிந்துகொள்ளும். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. ஜாக்கி போட்டான், வீலைக் கழற்றினான், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினான். சிமென்ட் தரையில் 'டிங்' என்று ஒன்று விழுந்தது.

"சல்லிக்கல் சார்."

சித்தப்பா என்னைத்தான் பார்த்தார். "இடது முன்சக்கரம்னு சொன்னேனா இல்லையா?"

இப்போது மைத்துனன் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். எஞ்சின் சத்தம் இல்லை, ஆகவே மற்ற எல்லாச் சத்தமும் துல்லியமாகக் கேட்கிறது என்று சித்தப்பா பூரித்துக் கிடக்கிறார். காலை முதல் மிதியில் 'கரகர' வருகிறதாம். மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்துவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. டிஸ்க்கில் லேசாகத் துரு பூக்கிறது, நாலு மிதியில் போய்விடும். மழைக்குப் பிறகு எந்தக் காரிலும் வருவதுதான். மைத்துனனுக்கு இது தெரியும். சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்போதெல்லாம் அவர் அவன் காரில்தான் போகிறார்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரேக்கில் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் கேட்டால் அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள். போகும்போது தனியாகப் போங்கள்.